யாருப்பா அது? – லினக்ஸ் கதவு தட்டின கதை

போன வருஷம் மே மாசம், திண்டுக்கல். மாமாவோட போட்டோ ஸ்டூடியோவைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தோம். கட்டடத்தை இடிக்கப் போறாங்க. பழைய லைட் ஸ்டாண்டு, குடை, மலையருவி வரைஞ்ச திரைச்சீலை எல்லாம் ஆட்டோவுல ஏத்தியாச்சு. கடைசியா மூலைல ஒரு மஞ்சளாப் போன கம்ப்யூட்டர் பெட்டி.

"மாப்ள, பெங்களூர்ல பொட்டிதானே தட்டுற? இதுக்குள்ள உங்க அத்தை படம் எல்லாம் இருக்கு. எடுத்துக் குடுத்துட்டுப் போ."

அத்தை 2006-ல தவறிட்டாங்க. நெகட்டிவ் எல்லாம் பூஞ்சை பிடிச்சு ஒட்டிப் போச்சு. ஸ்கேன் பண்ணி வச்சது இந்த ஒரு டிஸ்க்லதான். பென்டியம், 64 எம்.பி. மெமரி, 4.3 ஜி.பி. ஹார்டு டிஸ்க், ஒரு சிடி டிரைவ். யூ.எஸ்.பி. ஓட்டையே கிடையாது.

பவர் போட்டேன். டிஸ்க்குல இருந்து 'டிக்... டிக்...'னு சத்தம். பயாஸ் டிஸ்க் இல்லைன்னு சொல்லிருச்சு. ரெண்டாவது தடவையும் இல்லை. மூணாவது தடவை என்ன நினைச்சதோ, சுத்த ஆரம்பிச்சது. கைவசம் இருந்த 2004-ஆம் வருஷத்து லைவ் சிடியைப் போட்டு லினக்ஸ்ல பூட் பண்ணினேன். டிஸ்க் தெரிஞ்சது, ஃபோல்டர்கள் தெரிஞ்சது. 2.4 ஜி.பி. படம்.

எங்கே காப்பி பண்றது? ஃபிளாப்பின்னா சுமார் 1,700 வேணும். ஹிஹி. பின்னாடி ஒரு நெட்வொர்க் கார்டு இருந்தது. என் லேப்டாப்புக்கு ஒரு கேபிள் இழுத்தா முடிஞ்சது. ஆனா லினக்ஸ் அப்படி ஒரு கார்டே இல்லைன்னு சாதிச்சது.

வேற எந்த நாளா இருந்தாலும் ரீபூட் பண்ணி, பூட் ஆகும்போது ஏதாவது ஆப்ஷன் குடுத்துப் பார்ப்பேன். அன்னைக்கு முடியாது. மறுபடி அந்த டிஸ்க் முழிச்சுக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. டிஸ்க்கைக் கழட்டி மாட்ட அடாப்டர் பெங்களூர்ல கிடக்குது. அதனால ஓடிக்கிட்டு இருக்குற லினக்ஸ்கிட்டயே, நிறுத்தாம, "இங்க ஒரு கார்டு இருக்குடா"ன்னு புரிய வைக்கணும்.

அது எப்படின்னு தேடப் போய்த்தான் இந்தக் கதை முழுக்கப் படிச்சேன். மாமா பெட்டியை அப்படியே ஓட விட்டுட்டு, நாம கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருவோம்.

பேர் சொல்லாத கார்டுகள்

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கியில இருந்து லினஸ் டோர்வால்ட்ஸ் மினிக்ஸ் பயனர்களுக்கு எழுதின அந்தப் பிரபலமான அறிவிப்பு. சும்மா பொழுதுபோக்குக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுறேன்னு சொன்னவர், ஏ.டி. ஹார்டு டிஸ்க் தவிர வேற எதையும் இது ஒருவேளை எப்பவுமே ஆதரிக்காதுன்னும் சேர்த்துச் சொன்னார். ஏன்னா அவர்கிட்ட இருந்தது அவ்வளவுதான். அந்த வருஷம் ஜனவரியில வாங்கின ஒரு 386.

ஆரம்பத்துல லினக்ஸ்க்கு 'கண்டுபிடிக்கிற' வேலையே பெருசா கிடையாதுன்னு இதுல இருந்து தெரியும். எழுதினவர் மெஷின்ல என்ன இருக்குன்னு எழுதினவருக்கே தெரியும்! ஆனா ஊர்ல இருக்குறவன் எல்லாம் அதை எடுத்துத் தன் மெஷின்ல போட ஆரம்பிச்சப்பதான் சிக்கல்.

அந்தக் காலத்து பி.சி.யோட பஸ் பேர் ஐ.எஸ்.ஏ. ஐ.பி.எம். 1981-ல விட்ட பி.சி.யில 8 பிட்டாகவும், 1984-ல விட்ட ஏ.டி.யில 16 பிட்டாகவும் வந்தது. இதுல ஒரு அடிப்படைக் குறை. ஸ்லாட்ல ஒரு கார்டைச் செருகினா, "நான் இன்னார்"னு அது சொல்லாது. சொல்ற வசதியே பஸ்ல கிடையாது.

ஒரு தெருவைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஆயிரத்துச் சொச்சம் வீடு. எந்த வீட்டுக்கும் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டு எண்தான் போர்ட் முகவரி. சவுண்ட் கார்டு 220-ல, பிரிண்டர் போர்ட் 378-ல, நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் 300-ல (இந்த எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள்). இது போக ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஐ.ஆர்.க்யூ. வேணும். பிராசசரைத் தோளில் தட்டிக் கூப்பிடுற மணின்னு வச்சுக்கோங்க. ஏ.டி.யில மொத்தம் 16 மணி. அதுல ஒண்ணு ரெண்டு சிப்பையும் இணைக்கவே போயிரும். மிச்சம் 15.

எந்தக் கார்டு எந்த வீட்டுல இருக்கணும்னு தீர்மானிக்கிறது யாரு? மெஷின் அசெம்பிள் பண்ற ஆள். கார்டு மேல இருக்குற குட்டி ஜம்பரைப் பிடுங்கி வேற இடத்துல செருகுவார். ரெண்டு கார்டு ஒரே வீட்டுல குடியேறினா ரெண்டும் வேலை செய்யாது. அவர் என்ன செட் பண்ணினார்னு மெஷினுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது

சரி, பெயர்ப்பலகை இல்லைன்னா என்ன செய்வோம்? ஒவ்வொரு கதவாத் தட்டுவோம். லினக்ஸும் அதையேதான் செஞ்சது. இதுக்கு 'ஆட்டோ புரோபிங்'னு பேரு.

அப்போ லினக்ஸுக்கான ஈதர்நெட் டிரைவர்கள்ல பெரும்பகுதியை எழுதினவர் டொனால்ட் பெக்கர். நாசாவின் கோடார்ட் மையத்துல வேலை பார்த்தவர். அங்கே 1994-ல தாமஸ் ஸ்டெர்லிங்கோட சேர்ந்து, கடையில கிடைக்கிற 16 சாதாரண 486 மெஷின்களை ஈதர்நெட்டால இணைச்சு 'பேவுல்ஃப்'னு ஒரு குட்டி சூப்பர் கம்ப்யூட்டர் கட்டினாங்க. மலிவான கார்டுகள் லினக்ஸ்ல ஒழுங்கா ஓடியே ஆகணும்ங்கிற தேவை அவருக்கே இருந்தது.

அந்த மலிவுக் கார்டுகளோட ராஜா என்.இ.2000. நாவெல் கம்பெனியோட வடிவமைப்பு. அதைப் பார்த்து உலகம் முழுக்க ஆளாளுக்கு நகல் எடுத்துத் தள்ளினாங்க. மாமா பெட்டியில இருந்ததும் அப்படி ஒரு நகல்தான்.

இந்தக் கார்டுக்கான டிரைவர் ஃபைலைத் திறந்து படிச்சுப் பாருங்க, துப்பறியும் கதை தோத்துரும். 300, 280, 320, 340, 360, 380னு ஆறு வீட்டு எண் வரிசையா எழுதி வச்சிருக்கும். முதல்ல அந்த முகவரியில இருந்து ஒரு பைட் படிக்கும். எல்லா பிட்டும் 1-ஆ வந்தா அங்கே யாரும் இல்லைன்னு அர்த்தம், அடுத்த வீடு. வேற ஏதாவது வந்தா, கார்டுக்குள்ள சில ரெஜிஸ்டர்ல எழுதிப் பார்த்து, எதிர்பார்த்த பதில் வருதான்னு சோதிக்கும். கடைசியா கார்டோட நினைவகத்துல குறிப்பிட்ட இடத்துல 57, 57னு ரெண்டு எண் இருக்கான்னு பார்க்கும். இருந்தா, சாட்சாத் என்.இ.2000. அந்த முத்திரையைக்கூட ஒழுங்காப் போடாத நகல்கள் வந்ததால, டிரைவருக்குள்ளயே 'மட்டமான நகல்கள்'னு ஒரு பட்டியல் தனியா இருக்கு. பேரே அப்படித்தான், நான் சேர்க்கலை :-)

இதுல எங்கே ஆபத்துன்னா, அந்த 'எழுதிப் பார்த்து'ங்கிற இடத்துல. நீங்க என்.இ.2000 வீடுன்னு நினைச்சுத் தட்டுறது வேற யாரோ வீடா இருந்தா? நெட்வொர்க் கார்டுக்குன்னு எழுதின எண், அங்கே இருக்குற வேறொரு கார்டுக்கு வேறொரு கட்டளையா அர்த்தமாகலாம். மொத்த மெஷினும் அப்படியே உறைஞ்சு நிக்கலாம். அதனால எதை முதல்ல தேடுறது, எதை அப்புறம் தேடுறதுங்கிற வரிசையே ஒரு கலையா இருந்தது. சாதுவா படிச்சு மட்டும் பார்க்குற சோதனைகள் முதல்ல, முரட்டுத்தனமா தட்டுறது கடைசியில. 'இந்த முகவரிப் பக்கம் போகாதே'ன்னு பூட் ஆகும்போதே கெர்னலுக்குச் சொல்ற 'ரிசர்வ்' ஆப்ஷன் வந்ததும் இதுக்காகத்தான். ஒரு ஈதர்நெட் கார்டு கிடைச்சதும் கெர்னல் தேடுறதை நிறுத்திக்கும். ரெண்டாவது கார்டு வேணும்னா நாமதான் 'ஈதர்' ஆப்ஷன்ல முகவரி சொல்லணும். போதும்டா சாமி, இதுக்கு மேல தட்ட வேண்டாம்ங்கிற பயம்தான் காரணம்.

இந்தத் தட்டுற வேலை எல்லாம் பூட் ஆகும்போது மட்டும்தான். டிரைவர்கள் எல்லாம் கெர்னலுக்குள்ளயே சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. புதுசா ஒரு டிரைவர் வேணும்னா கெர்னலையே மறுபடி கம்பைல் பண்ணணும், அப்புறம் ரீபூட். 'ஹார்டுவேர் மாத்தினா ரீபூட் பண்ணு'ங்கிற பழக்கம் நம்ம விரல்ல ஏறினது இப்படித்தான்.

ஓடுற வண்டியில ஏத்துறது

இந்தப் பழக்கத்துல முதல் ஓட்டை போட்டது மாட்யூல். குறைஞ்சது 1995-ல வந்த 1.2 பதிப்புல இருந்தே, ஓடிக்கிட்டு இருக்குற கெர்னலுக்குள்ள ஒரு டிரைவரை ஏத்தலாம், இறக்கலாம். ஓடுற பஸ்ல ஆள் ஏறுற மாதிரி. 1996-ல வந்த 2.0-ல, தேவைப்படும்போது மாட்யூலைத் தானா ஏத்துற 'கெர்னல்டி' இருந்தது. பியோர்ன் எக்வால், ஜாக் ஜெலினா ரெண்டு பேரோட வேலை. 1999-ல 2.2 வந்தப்போ அந்த இடத்துக்குக் கெர்னலுக்குள்ளயே இருக்குற 'கேமோட்' வந்தது.

அப்போ ரீபூட் பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

என்.இ.2000 டிரைவரைக் கெர்னலோட சேர்த்துக் கட்டினா, பூட் ஆகும்போது ஆறு வீட்டையும் தட்டிப் பார்க்கும். அதே டிரைவரை மாட்யூலா ஏத்தினா, தட்ட மாட்டேன்னு சொல்லிரும். 'முகவரி நீயே சொல்லணும்'னு ஒரு செய்தியைக் காட்டிட்டு இறங்கிப் போயிரும். முதல் தடவை பார்க்கும்போது சோம்பேறித்தனமாத் தெரிஞ்சது. யோசிச்சா நியாயம் புரியுது. பூட் ஆகும்போது மெஷின் உறைஞ்சா நஷ்டம் ஒண்ணும் இல்லை, மறுபடி ஸ்விட்சைத் தட்டுவோம். ஓடிக்கிட்டு இருக்கும்போது உறைஞ்சா? பாதி எழுதின ஃபைல் போச்சு, டிஸ்க்ல காத்திருக்குற டேட்டா போச்சு. காலி வீட்டுல கல் எறியலாம், ஜனம் தூங்குற வீட்டுல எறியக் கூடாது இல்லையா?

ரீபூட் இல்லாம பழைய ஹார்டுவேரைக் கண்டுபிடிக்கிற விஷயத்துல உண்மையான சிக்கல் இதுதான்னு எனக்குத் தோணுது. கெர்னலுக்குத் தேடத் தெரியாததில்லை. வாயைத் திறக்காத ஒரு பொருளைத் தொந்தரவு பண்ணாம விசாரிக்க வழி கிடையாது.

வாயைத் திறந்து பேசினவை

பேசுற பொருள்னா கதையே வேற. ஸ்கஸி அந்த ஜாதி. 1986-லயே தரநிலை ஆயிருச்சு. ஒரு கேபிள்ல எட்டு இடம், கன்ட்ரோலர் போக ஏழு சாதனம். ஒவ்வொரு இடத்துலயும் "யாருப்பா அது?"ன்னு கேட்க ஒரு முறையான கட்டளை உண்டு. "நான் டேப் டிரைவ், இன்ன கம்பெனி, இன்ன மாடல்"னு பதில் வரும். ஆள் இல்லைன்னா மௌனம், அவ்வளவுதான். யாரும் உறைஞ்சு போறதில்லை.

அதனாலதான் ரீபூட் இல்லாம தேடுற வசதி லினக்ஸ்ல ஸ்கஸிக்குச் சீக்கிரமே வந்துருச்சு. பூட் ஆன பிறகு வெளியில இருக்குற ஸ்கேனருக்கோ டேப் டிரைவுக்கோ பவர் போட்டீங்கன்னா, புரோக் ஃபோல்டருக்குள்ள இருக்குற ஸ்கஸி ஃபைல்ல 'ஒரு சாதனத்தைச் சேர்'னு ஒரு வரியும் நாலு எண்ணும் எழுதினா போதும். அடாப்டர், சேனல், இடம், உட்பிரிவு. பின்னாடி 2.6-ல இது இன்னும் சுருங்கிருச்சு. ஸ்கேன்ங்கிற ஃபைல்ல மூணு சின்னக் கோடு, நடுவுல இடைவெளி விட்டு எழுதணும். 'எந்த சேனலா இருந்தாலும், எந்த இடமா இருந்தாலும், எந்த உட்பிரிவா இருந்தாலும் தேடு'ன்னு அர்த்தம். சர்வர் வேலை பார்க்குற நண்பர்களுக்கு இந்த மூணு கோடு விரல் நுனியில இருக்கும்.

லேப்டாப் பக்கம் பி.சி.எம்.சி.ஐ.ஏ. கார்டு. இதைச் செருகுறதும் பிடுங்குறதும் மெஷின் ஓடும்போதே நடக்கும்ங்கிறதுதான் அதோட பிறவிப் பயனே. டேவிட் ஹைண்ட்ஸ் எழுதின கார்டு சர்வீசஸ் தொகுப்பு லினக்ஸ்ல அதைப் பார்த்துக்கிச்சு. கார்டைச் செருகினதும் ஒரு 'பீப்'. டிரைவர் ஒழுங்கா ஏறிட்டா இன்னொரு உயர்ந்த 'பீப்'. ஏறலைன்னா ரெண்டாவது சத்தம் கம்மிப் போன குரல்ல வரும். திரையைப் பார்க்கவே வேண்டாம், காதே போதும்.

பி.சி.ஐ. 1992-ல வந்தது. ஒவ்வொரு கார்டும் தயாரிப்பாளர் எண், சாதன எண்னு ரெண்டு அடையாளத்தைக் கட்டாயம் சொல்லியாகணும். (இன்டெல் தனக்கு வச்சுக்கிட்ட தயாரிப்பாளர் எண் 8086. குசும்பு!) 1993-ல ஐ.எஸ்.ஏ.வுக்கே 'பிளக் அண்ட் பிளே'ன்னு ஒரு ஒட்டுப் போட்டாங்க. ஜம்பர் இல்லாம மென்பொருளே வீட்டு எண்ணை ஒதுக்கலாம். லினக்ஸ்ல ஆரம்பத்துல இதை 'ஐஎஸ்ஏபிஎன்பி' கருவிகள் செஞ்சன. ஒரு கருவி கார்டுகளை விசாரிச்சு நீளமா ஒரு ஃபைல் எழுதும். அதை நாம எடிட்டர்ல திறந்து தேவையான வரியை மட்டும் உயிர்ப்பிக்கணும். இன்னொரு கருவி அதைக் கார்டுக்குச் சொல்லும். 2.4-ல கெர்னலே இந்த வேலையை எடுத்துக்கிச்சு. இதனால எல்லாம் சுபம்னு நினைச்சுராதீங்க. 'பிளக் அண்ட் ப்ரே', அதாவது செருகிட்டுச் சாமி கும்பிடுன்னு உலகமே கிண்டல் பண்ணின காலம் அது.

மேடையில் விழுந்த நீலத்திரை

கிண்டலுக்கு உச்சம் 1998 ஏப்ரல் 20. சிகாகோவுல காம்டெக்ஸ் கண்காட்சி. பில் கேட்ஸ் மேடையில நிக்கிறார். விண்டோஸ் 98-ல ஒரு யூ.எஸ்.பி. ஸ்கேனரைச் செருகினா தானாக் கண்டுபிடிக்கும்னு உதவியாளர் கிறிஸ் கபோசெலா செருகிக் காட்டுறார். பெரிய திரை முழுக்க நீலம். கூட்டம் சிரிச்சு அடங்க நேரமாச்சு. இதனாலதான் இன்னும் வெளியிடலைன்னு கேட்ஸும் சிரிச்சுச் சமாளிச்சார்.

லினக்ஸ்காரங்களுக்கு இது பல வருஷத்துக்குத் தாங்கின ஜோக். ஆனா நேர்மையாச் சொன்னா, அன்னைக்குத் தேதியில நிலையான லினக்ஸ் கெர்னல்ல யூ.எஸ்.பி.யே கிடையாது. சிரிக்கிற தகுதி நமக்கு இல்லை! 1999-ல லினஸ் தானே உட்கார்ந்து யூ.எஸ்.பி. பகுதியைப் புதுசா எழுத ஆரம்பிச்சார். 2001 ஜனவரியில வந்த 2.4-ல அது முழுசா உள்ளே வந்தது. கூடவே 'ஹாட்பிளக்'னு ஒரு ஏற்பாடும் வந்தது.

ஹாட்பிளக்ல நடந்தது ஒரு தலைகீழ் மாற்றம். அதுவரைக்கும் கெர்னல் ஒவ்வொரு கதவாத் தட்டும். இப்போ விருந்தாளியே வந்து அழைப்பு மணி அடிக்கிறார். யூ.எஸ்.பி.யில எதையாவது செருகினா மின்சார அளவுலயே தெரிஞ்சிரும். கெர்னல் விசாரிச்சு அடையாள எண்ணை வாங்கி, வெளியில இருக்குற ஒரு புரோகிராமைக் கூப்பிட்டு "இன்னார் வந்திருக்கார்"னு சொல்லும். எந்த எண்ணுக்கு எந்த டிரைவர்னு ஒரு அட்டவணை ஏற்கெனவே தயாரா இருக்கும். ஏன்னா ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிஞ்ச எண்களைத் தன் நெத்தியிலயே எழுதி வச்சிருக்கும். அட்டவணையில பார்த்து மாட்யூலை ஏத்தினா வேலை முடிஞ்சது.

2003 டிசம்பர்ல 2.6 வந்தப்போ சிஸ்எஃப்எஸ் சேர்ந்தது. மெஷின்ல இருக்குற ஒவ்வொரு சாதனமும் ஒரு ஃபோல்டராத் தெரியும். அதே வருஷம் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 'யூடெவ்'வை அறிமுகப்படுத்தினார். இன்னைக்கு நாம பென் டிரைவைச் செருகினதும் ஜன்னல் திறக்குதே, அதோட அடித்தளம் அதுதான். 2006-ல 2.6.18-ல டேஜுன் ஹியோவோட உழைப்புல சாட்டா டிஸ்க்குக்கும் இந்த வசதி வந்தது. 2009-ல பி.சி.ஐ. பஸ்ஸையே 'மறுபடி ஒரு தடவை பார்'னு சொல்ல ஒரு ஃபைல் வந்தது. அதுல 1-னு எழுதினா போதும். ரீபூட்டுங்கிற வார்த்தையே மறந்து போச்சு.

விட்டுப் போனவை

மணி அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எல்லாம் கதவு திறந்தாச்சு. மணி அடிக்கத் தெரியாதவங்க கதி?

பி.எஸ்/2 கீபோர்டு, மவுஸ் இருக்கே, அதை மெஷின் ஓடும்போது பிடுங்கிச் செருகுறதுக்காக வடிவமைக்கலை. மதர்போர்டுல இருக்குற ஃபியூஸ் போனாலும் போகும். தப்பிச்சாலும் இன்னொரு சிக்கல். மவுஸுக்குப் பவர் போயிட்டு வந்தா, தன்னைச் சக்கரம் இல்லாத பழைய மவுஸுன்னு நினைச்சுக்கிட்டு மூணு மூணு பைட்டா அனுப்பும். கெர்னல் நாலு நாலா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கும். திரையில அம்பு பேய் பிடிச்ச மாதிரி ஆடும். மவுஸ் மாட்யூலை இறக்கி மறுபடி ஏத்தினா தெளிஞ்சிரும். பழைய ஐ.டி.இ. டிஸ்க்குக்கு எச்டிபார்ம்ல ரெண்டு ஆப்ஷன் இருந்தது, ஒண்ணு இன்டர்ஃபேஸை விடுவிக்க, இன்னொண்ணு பதிவு பண்ண. 'ஆபத்து'ன்னு எச்சரிக்கை போட்டுத்தான் குடுத்தாங்க.

ஐ.எஸ்.ஏ. கார்டுக்கோ கடைசி வரைக்கும் ஒரே வழிதான். தெரிஞ்ச மனுஷன் வந்து சொல்லணும்.

அந்த மனுஷங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. 2012-ல எம்.சி.ஏ. பஸ்ஸைக் கெர்னல்ல இருந்து தூக்கினாங்க. அதே வருஷக் கடைசியில 386-ஐத் தூக்க முடிவாச்சு, 2013-ல வந்த 3.8-ல அது இல்லை. லினஸ் முதல் லினக்ஸை எழுதின அதே பிராசசர்! 2019-ல ஃபிளாப்பி டிரைவரை லினஸ் 'அனாதை'ன்னு குறிச்சார். வேலை செய்யுற நிஜ ஃபிளாப்பி டிரைவ் கிடைக்கிறதே கஷ்டமாயிருச்சுங்கிறதுதான் காரணம். அப்புறம் ஒருத்தர் தத்தெடுத்துக்கிட்டார். 2021-ல 5.14-ல பழைய ஐ.டி.இ. டிரைவர்கள் மொத்தமாப் போச்சு. குறை சொல்லலை. பராமரிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு ஆணி புடுங்குற நமக்குத் தெரியாதா? ஆனா ஒவ்வொண்ணு போகும்போதும், எந்தக் கதவை எப்படித் தட்டணும்ங்கிற அறிவும் கூடவே போகுது.

மறுபடி திண்டுக்கல்

சரி, மாமா பெட்டி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. 'டிக்' சத்தம் அப்பப்ப வருது.

மாட்யூலை 300 முகவரி குடுத்து ஏத்தினேன். அங்கே யாரும் இல்லை. மிச்சம் அஞ்சு வீடு. 320-ல தட்டலாம்னா, என்.இ.2000 ஒரே எண்ல குடியிருக்காது, அடுத்தடுத்து 32 எண்களைப் பிடிச்சுக்கும். 320-ல இருந்து 33எஃப் வரைக்கும். நடுவுல 330-ல சவுண்ட் கார்டோட மிடி இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்கு டிரைவர் ஏத்தாததால கெர்னல் காட்டுற போர்ட் பட்டியல்ல அது வராது. 360-ன்னா பிரிண்டர் போர்ட்டான 378-ஐ மிதிக்கும். இதுல எதைத் தட்டி மெஷின் உறைஞ்சாலும் ரீபூட்தான். ரீபூட்னா அத்தை.

கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன். கார்டுல ஜம்பர் தெரியுமான்னு பார்க்கப் பக்கவாட்டு மூடியைக் கழட்டினோம், டிஸ்க் அதிராம மெதுவா. ஜம்பர் பக்கம் உள்ளே திரும்பி இருந்தது, தெரியலை. மூடியைக் கையில வச்சிருந்த மாமாதான் சொன்னார்.

"மாப்ள, இதுல ஏதோ எழுதியிருக்கே."

மூடியோட உட்பக்கத்துல, மார்க்கர் பேனாவுல, கோணல்மாணலா: 'நெட் 340 – 10. சவுண்ட் 220 – 5.'

"செல்வம் எழுதினதா இருக்கும். அவன்தான் அசெம்பிள் பண்ணிக் குடுத்தான். எது பண்ணினாலும் உள்ளே எழுதி வச்சிருவான். அடுத்து யாராவது திறந்தா தெரியணும்லன்னு சொல்லுவான்."

340 குடுத்து மாட்யூலை ஏத்தினேன். ஒரு வினாடி மௌனம். அப்புறம் திரையில கார்டோட ஆறு பைட் முகவரி வந்தது. லேப்டாப்ல கேபிள் விளக்கு எரிஞ்சது. ரெண்டு பக்கமும் ஐ.பி. முகவரி குடுத்து, அத்தை இருக்குற ஃபோல்டரை முதல்ல அனுப்பினேன். வினாடிக்கு 600 கே.பி. சொச்சம். படிக்கத் திணறின இடங்களையும் சேர்த்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நாலு படம் பாதியோட நின்னுருச்சு. மிச்சம் எல்லாம் வந்துருச்சு.

மாமா என் லேப்டாப் முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டார். ஒரு படத்துல அத்தை ஸ்டூடியோ வாசல்ல கோலம் போட்டுட்டு நிமிர்ந்து பார்க்குறாங்க. அந்தப் படத்தை விட்டு அவர் அடுத்ததுக்குப் போகவே இல்லை. நான் டீ வாங்கிட்டு வரேன்னு வெளியில வந்துட்டேன்.

திரும்பி வந்து மெஷினை ஷட் டவுன் பண்ணினேன். சும்மா ஒரு ஆர்வத்துல மறுபடி பவர் போட்டேன். டிக், டிக், டிக். பயாஸ் டிஸ்க் இல்லைன்னுச்சு. அஞ்சு தடவை போட்டும் அது வரவே இல்லை.

இந்த முப்பது வருஷக் கதையில எத்தனையோ பெரிய மூளைக்காரங்க சேர்ந்து, கார்டு தானே பேர் சொல்ற உலகத்தை உருவாக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி பிறந்த கார்டுக்கு இன்னைக்கும் செல்வம் அண்ணன்தான் வாய். நீங்களும் எதையாவது செட் பண்ணினா, சர்வரோ ரூட்டரோ எதுவா இருந்தாலும், மூடிக்கு உட்பக்கம் ரெண்டு வரி எழுதி வச்சிருங்க மக்கா.

பி.கு.: பெட்டியை எடைக்குப் போட்டாச்சு. அந்த மூடியை மட்டும் நான் பெங்களூருக்குக் கொண்டு வந்துட்டேன்.